பொங்கியண்ணன் பவுடர் போடாத கிணறு

பொங்கியண்ணன் வருவது கண்ணுக்குத் தெரியும் முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். சட்டை, தலைத்துண்டு, சைக்கிள் கேரியரில் கட்டிய சாக்குப்பை என்று எல்லாவற்றிலும் பிளீச்சிங் பவுடர் வாசம். பெருமாநல்லூருக்கு வடக்கே வேலாங்காட்டு வலசு என்கிற சின்ன ஊரில் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. காலையில் மோட்டார் போடுவார். தொட்டி நிறைந்ததும் தெருத் தெருவாக வால்வு திறந்து விடுவார். வாரத்துக்கு ஒருநாள் தொட்டியில் பவுடர் கரைப்பார், மாதத்துக்கு ஒருநாள் ஊர்க்கிணற்றில் கரைப்பார். எந்த நிறத்தில் சட்டை வாங்கினாலும் மூன்றே மாதத்தில் முன்பக்கம் புள்ளி புள்ளியாக வெளுத்துவிடும். "திருப்பூர்ல சாயம் போடறவங்க ஆயிரம் பேருங்க. சாயம் போறவன் நா ஒருத்தன்தானுங்க" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

நான் அப்போது திருப்பூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தேன். மடத்துக்குளத்துக்காரி. முன்கோபம் எனக்குக் கூடப் பிறந்தது. விஜயகுமாரி டீச்சர் வகுப்பு என்றால் பிள்ளைகள் காலையிலேயே சாமி கும்பிட்டுவிட்டு வருவார்கள் என்று கேள்வி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் நடந்த கதையில் பொங்கியண்ணன் செய்த தவறு ஒன்று, நான் செய்தது இரண்டு.

பவுடரை அப்படியே கிணற்றில் கொட்டிவிட்டுப் போகிற ஆள் அல்ல அவர். பக்கெட்டில் முதலில் தோசை மாவு பதத்துக்குக் குழைப்பார். பிறகு முக்கால் பக்கெட் தண்ணீர் விட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படியும்வரை ஒரு பீடி நேரம் காத்திருப்பார். தெளிந்த நீரை மட்டும் வேறு பக்கெட்டில் இறுத்து, கயிறு கட்டிக் கிணற்று நீருக்குள் இறக்கி, மேலும் கீழுமாகப் பலமுறை ஆட்டுவார். ஒரு மணி நேரம் கழித்துக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விடுவார். மஞ்சளாக மாறினால் தண்ணீரில் குளோரின் நிற்கிறது என்று அர்த்தம். பக்கத்து ஊர்களில் அந்தக் கண்ணாடிக் குழாய் அட்டைப்பெட்டி பிரிக்காமலே அலமாரியில் கிடக்கும். பொங்கியண்ணன் மஞ்சளைப் பார்க்காமல் வீட்டுக்குச் சாப்பிடப் போனதில்லை.

2004 ஆவணியில் ஒருநாள் அவர் கல்லூரிக்கே சைக்கிளில் வந்துவிட்டார். என்னிடம் படித்த பெண் ஒருத்திக்கு அந்த ஊர். அவள்தான் அனுப்பியிருக்கிறாள். கையில் ஒரு பாட்டில் தண்ணீர்.

"ஏனுங்க டீச்சர், ஊர்க்கெணத்துல தித்திப்பா ஒரு வாசம் வருதுங்க. மூணு தடவ பவுடர் போட்டுப் பாத்துட்டனுங்க, போவ மாட்டீங்குது. இது எந்தக் கிருமீங்க?"

நான் மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். "கிருமி இல்லீங்க பொங்கியண்ணா. இது ஏதோ மருந்து" என்றேன். அவர் நம்பவில்லை. தண்ணீர் கெடுவதென்றால் அவருக்குக் கிருமி ஒன்றுதான்.

கோயமுத்தூருக்கு அனுப்பிச் சோதித்ததில் உண்மை தெரிந்தது. பனியன் கம்பெனிகளில் தைத்த துணியில் தையல் மிஷினின் எண்ணெய்க் கறை பட்டால் அதன்மேல் ஒரு திரவத்தைத் துப்பாக்கி மாதிரி ஒரு கன் வைத்துப் பீய்ச்சுவார்கள். கறை கரைந்து துணி காய்ந்துவிடும். வலசுக்கு மேட்டில் ஒரு தகரக் கொட்டகையில் ஐந்து வருஷம் இந்த வேலையை மட்டும் ஜாப் ஒர்க்காகச் செய்துகொண்டிருந்த கம்பெனி அந்த வருஷம்தான் காலிசெய்துகொண்டு போயிருந்தது. அவர்கள் விட்டுப்போன சொத்து இது. அந்தத் திரவம் தண்ணீரைவிடக் கனம். நிலத்துக்குள் இறங்கினால் நிலத்தடி நீருக்கும் கீழே போய்ப் பாறை இடுக்கில் உட்கார்ந்துகொள்ளும். கிணற்றை எத்தனை முறை இறைத்துக் கொட்டினாலும் மறுபடி கசியும். வருஷக்கணக்கில் குடித்தால் ஈரலைக் கெடுக்கும், புற்றுநோயும் வரலாம்.

பஞ்சாயத்தில் கிணற்றுச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் 'குடிக்காதீர்' என்று எழுதினார்கள். வலசில் நாற்பத்து மூன்று வீடு. ஆற்றுத் தண்ணீர் குழாயில் பத்து நாளைக்கு ஒருமுறைதான் வரும். ஆழ்குழாய்த் தண்ணீரில் சாயக்கழிவின் உப்பு ஏறி, பருப்பைப் போட்டால் வேகாது. வாயில் வைக்கிற மாதிரி இருந்தது அந்த ஒரு கிணறுதான்.

"மூடிப்போடலாமுங்க. பொக்லைன் வெச்சு மண்ணத் தள்ளுனா அரைநாள் வேலை" என்றார் பஞ்சாயத்துத் தலைவர். யார் வீட்டுப் பிள்ளையாவது குடித்து ஏதாவது ஆகிவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அவர் பயம் நியாயம்தான். ஆனால் பெண்கள் ஒப்பவில்லை. எங்கள் பக்கத்தில் மாரியம்மன் பொங்கலுக்குப் பதினைந்து நாள் முன்பு கோயில் முன்னால் ஒரு மரக்கம்பம் நடுவார்கள். பெண்கள் தினமும் காலையில் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைக் குடத்தில் கொண்டுபோய் அதற்கு ஊற்ற வேண்டும். வலசில் அது ஊர்க்கிணற்றுத் தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். பேசிப் பேசிக் கடைசியில் தலைவர் ஒரு கெடு வைத்தார். இன்னும் இரண்டு கம்பம் போகட்டும், மூன்றாவது கம்பத்துக்குள் தண்ணீர் நல்லதாகிவிட்டதென்று எழுத்தில் காட்டினால் கிணறு இருக்கும், இல்லையென்றால் மண். அதாவது 2007 பங்குனி.

நான் வாய் கொழுத்துப்போய், "நல்லதாக்கிக் காட்டறோம்" என்று சொல்லிவிட்டேன். என் கூடப் படித்த தோழி கோயமுத்தூரில் நுண்ணுயிர் ஆராய்ச்சியில் இருந்தாள். அவள் சொன்ன விஷயத்தைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

காற்றுப் பட்டால் செத்துப்போகிற ஒருவகை நுண்ணுயிர்கள் இருக்கின்றன. நமக்கு ஆக்சிஜன் இல்லாமல் மூச்சு இல்லை. அவை அந்த இடத்தில் குளோரினை வைத்துக்கொண்டு பிழைக்கின்றன. கறை எடுக்கும் திரவத்தின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு குளோரின் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது விஷமாக இருப்பதற்கும் லேசில் சிதையாமல் கிடப்பதற்கும் அந்த நான்கும்தான் காரணம். இந்த உயிர்கள் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிவிடும். நான்கு மூன்றாகும், மூன்று இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். கடைசி ஒன்றும் போய்விட்டால் மிஞ்சுவது எத்திலீன். வாழைக்காயைப் பழுக்க வைப்பது அதே வாயுதான். கிணற்றிலிருந்து அது காற்றோடு போய்விடும். இதற்கெல்லாம் நாம் செய்ய வேண்டியது இரண்டு. தண்ணீருக்குள் காற்று சேராமல் மூட வேண்டும், தின்னக் கொஞ்சம் இனிப்பு ஊற்ற வேண்டும். மற்றக் கிருமிகள் இனிப்பைத் தின்று மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் தீர்த்துவிடும். அவை நொதிக்க வைத்து விடுகிற ஹைட்ரஜன் நம்முடைய ஆட்களுக்குச் சாப்பாடு.

2005 தையில் தொடங்கினோம். தண்ணீர்மேல் பாலித்தீன் விரிப்பு, கிணற்றுக்குமேல் தகரம். அடிவரைக்கும் ஒரு குழாய். எங்கள் ஊர்ப்பக்கம் சர்க்கரை ஆலையிலிருந்து, சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கறுப்புப் பாகான மொலாசஸைக் கேன் கேனாக வாங்கிவந்து வாரம் ஒருமுறை குழாயில் ஊற்றினேன். மூன்று மாதத்தில் தண்ணீர் கறுத்து அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. ஊர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். எனக்கோ அது சந்தன வாசம். சோதனையில் நான்கு குளோரின் உள்ளது பாதியாகக் குறைந்து, மூன்று உள்ளது கூடியிருந்தது. கழற்றல் ஆரம்பமாகிவிட்டது என்று ஹாஸ்டல் மாடியில் நின்று தோழிக்கு போனில் கத்தினேன்.

தகரத்தின் பூட்டுச் சாவி பொங்கியண்ணனிடம். அவரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "இதை யாரும் தொடக்கூடாதுங்க." ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மோட்டார் போடுகிறவருக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைத்தேன். என் முதல் தவறு அது.

பங்குனியில் கம்பம் நடுகிற வாரம் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை நான் மொலாசஸ் கேனோடு போய் இறங்கினால், கிணற்றடியில் நாலைந்து பெண்கள் குடத்தோடு நிற்கிறார்கள். தகரம் விலகிக் கிடக்கிறது. பாலித்தீன் சுருட்டி ஓரமாக வைத்திருக்கிறது. நாற்றம் இல்லை. பிளீச்சிங் பவுடர் வாசம் ஆளைத் தூக்குகிறது.

பொங்கியண்ணன் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "டீச்சர், பாவம் நீங்களும் மூணு மாசமா இந்த நாத்தத்துல கெடந்து சீரழியறீங்க. கம்பத்துக்கு ஊத்தற தண்ணி குடிக்காட்டியும் சுத்தமா இருக்கோணுமுங்களே. ஞாயித்துக்கெழம ஒரு முழு மூட்டை போட்டு ஆட்டிப்போட்டனுங்க. நேத்தும் ஒருக்கா ஆட்டுனனுங்க. பாருங்க" என்று கண்ணாடிக் குழாயை என் முகத்துக்கு நேரே பிடித்தார். மஞ்சள். நல்ல எலுமிச்சம்பழ மஞ்சள்.

எனக்கு என்ன பேசினேன் என்றே தெரியவில்லை. பெண்களுக்கு முன்னால், அவரைவிடப் பத்து வயது சின்னவள், "அறிவிருக்குதுங்களா உங்களுக்கு?" என்றேன். "மூணு மாசமா உசிரக் குடுத்து வளர்த்ததை ஒரே நாள்ல கொன்னுட்டீங்களே! கெணத்தையே கொன்னுட்டீங்க!" என்றேன். இன்னும் சொன்னேன். இது இரண்டாவது தவறு.

அவர் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. "வளத்துனீங்களா? எத வளத்துனீங்க?"

"கிருமியங்க! அதுதான் அந்த மருந்தைத் தின்னு தீர்க்கோணும்!"

"கிருமிய..." என்று மெதுவாகச் சொன்னார். "ஊர்க்கெணத்துல, எங்கையில சாவியக் குடுத்து, கிருமி வளத்துனீங்களா டீச்சர்? ஒரு வார்த்தை சொல்லலீங்களே."

அவருக்குக் கோபம் வந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். வரவில்லை. கண்ணாடிக் குழாயைத் தண்ணீரில் அலசி, துண்டில் துடைத்து, பெட்டிக்குள் வைத்தார். பூட்டுச் சாவியைக் கிணற்றுச் சுவர்மேல் வைத்துவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தபோது அவர் மனைவி கருப்பாத்தாள் பின்னாலேயே வந்தார். கையில் நான் விட்டுவந்த குடை.

"அந்த மனுசன் மேல கோவிச்சுக்காதீங்க சாமி" என்றார். "எங்களுக்கு ஒரு பொட்டப்புள்ள இருந்துச்சுங்க. சித்ரகலான்னு பேரு. எம்பத்தி நாலுல மூணு வயசு. ஆடி மாசம். காத்தால வெளையாடிட்டு இருந்தவளுக்கு வாந்திபேதி. அவிநாசி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோமுங்க. பொழுது எறங்கறதுக்குள்ள போயிட்டா. ரெண்டு நாள் கழிச்சு மருந்தடிக்கற ஆபீசர் வந்து, கெணத்துத் தண்ணீல கிருமி, ஒரு கைப்பிடி பவுடர் போட்டிருந்தா புள்ள பொழைச்சிருக்கும்னு சொல்லிப்போட்டுப் போயிட்டாருங்க. அந்த ஒரு கைப்பிடியத்தானுங்க இவுரு இருவது வருசமாப் போட்டுட்டு இருக்கறாரு."

பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

கருப்பாத்தாளோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். பொங்கியண்ணன் கட்டிலில் உட்கார்ந்து ஒரு பழைய வால்வைப் பிரித்துக்கொண்டிருந்தார். "தப்பு என்மேலதானுங்க" என்றேன். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "மொதல்ல காப்பி குடிங்க" என்றார். குடித்து முடித்ததும், "இப்பச் சொல்லுங்க. அது என்ன கிருமி?" என்றார்.

சொன்னேன். நான்கு குளோரின் கதையை முழுக்கச் சொன்னேன். இருபது வருஷம் பாடம் நடத்தியதில் என்னை யாரும் கேட்காத கேள்வி ஒன்றை அவர் கேட்டார்.

"அதுக்குக் குளோரின்தான் மூச்சுன்னா, நா போட்டதும் குளோரின்தானுங்களே? அது நல்லாத்தானுங்களே இருந்திருக்கோணும். ஏஞ் செத்துச்சு?"

கறைத் திரவத்தில் இருக்கிற குளோரின் கார்பனோடு கட்டிக் கிடப்பது, பவுடரில் இருப்பது பட்டதை எல்லாம் எரிக்கிற வீரியத்தோடு வருவது என்று விளக்கினேன். அவர் யோசித்தார். "அடுப்புக்குள்ள இருந்தா சோறாக்கும், ஊட்டு மேல உழுந்தா ஊடே போயிருமுங்க. அந்த மாதிரி" என்றார். அந்த மாதிரிதான்.

"எல்லாமே செத்துருக்குமுங்களா?" என்று கேட்டார். அடிச்சேற்றில் கொஞ்சம் தப்பியிருக்கலாம் என்றேன். அவர் எழுந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "அந்தச் சாவி அங்கயே கெடக்குமுங்க. வாங்க போலாம்."

அதற்குப் பிறகு மொலாசஸ் ஊற்றியது அவர்தான். நான் வாரம் ஒருமுறை வந்தால் அவர் தினமும் காலையில் பாலித்தீனைச் சரிபார்த்தார். நாற்றம் குறைந்தால் எனக்குப் போன் வரும். "டீச்சர், இன்னிக்கு வாசம் பத்தலீங்க" என்பார். மூட்டை பவுடர் போட்டு அந்த நாற்றத்தைப் போக்கிய மனிதர்.

2005 கார்த்திகைக்குள் நான்கு போயிற்று, மூன்று போயிற்று, இரண்டும் பெரும்பாலும் போயிற்று. ஒன்றில் வந்து நின்றுவிட்டது. மாதா மாதம் சோதித்தும் அசையவில்லை. முதல் மூன்று குளோரினைக் கழற்ற ஆள் நிறைய உண்டு. கடைசி ஒன்றைக் கழற்றத் தெரிந்தவை அபூர்வம். அவை பவுடரில் செத்துப்போயிருந்தன, அல்லது அந்தக் கிணற்றில் என்றுமே இருந்ததில்லை. இதில் பெரிய ஆபத்து என்னவென்றால், அந்த ஒற்றைக் குளோரின் பொருள் ஆரம்பத்தில் இருந்ததைவிடக் கொடிய விஷம், புற்றுநோய் தருவது. பாதிக் கிணறு தாண்டினவன் கதை என்பார்களே, அது எங்களுக்கே நடந்தது. பொங்கியண்ணனிடம் இந்த முறை மறைக்காமல் சொன்னேன். "நீங்க ஒட்டற பி.வி.சி. பைப்பு அந்தப் பொருள்ல இருந்துதான் செய்யறாங்க" என்றேன். அவர் மூலையில் கிடந்த பைப்புத் துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு விட்டுவிடலாம் என்று தோன்றியது. அவருக்குத் தோன்றவில்லை.

அவர் செய்தது ஊருக்கெல்லாம் இதைச் சொன்னது. கிணற்றை அடைத்ததிலிருந்து வருகிற லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கிற பெண்களிடம் சொன்னார். கடைசி ஒன்றைக் கழற்ற ஆள் கிடைக்கவில்லை என்று, மேஸ்திரி கிடைக்காத வீட்டுக்காரர் மாதிரி சொன்னார். அதைக் கேட்ட பாண்டியம்மாள் இரண்டு நாள் கழித்து அவரைத் தேடி வந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து லைன் வீட்டில் இருந்தவள். அந்தத் தகரக் கொட்டகையில் கன் பிடித்தவள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருக்கும். நான் அப்போது கிணற்றடியில் இருந்தேன்.

"அண்ணே, கறை எடுத்த கழிவ நாங்க கொட்டகைக்குப் பின்னாடி ஒரு குழியில ஊத்துவோம்ணே" என்றாள். "கக்கூசுத் தண்ணியும் அதுலதேன் போயி நிக்கும். நாந்தேன் தெனமும் ஊத்துனேன். இத்தன நாளாச் சொல்லல. சொன்னா ஊரவிட்டுத் தொரத்திருவீங்கன்னு பயந்துக்கிட்டுக் கெடந்தேன்." அழுதாள்.

"ஊத்துனது நீ. ஊத்தச் சொன்னவன் கார் ஏறிப் போயிட்டான். அழுவாத கண்ணு" என்றார் பொங்கியண்ணன். பிறகு என்னைப் பார்த்தார். அவர் கண் மின்னியதை நான் மறக்க மாட்டேன். "டீச்சர், அஞ்சு வருசமாச் சோத்துப்பானை அங்கதானுங்க இருந்துருக்குது. எறும்பும் அங்கதானுங்க இருக்கோணும்."

குழியின் அடியில் இலை மக்கிய கறுப்புச் சேறு. அதில் கொஞ்சத்தைக் கிணற்று நீரோடு பாட்டிலில் அடைத்துக் கோயமுத்தூரில் வைத்தாள் என் தோழி. நாற்பத்தைந்தாம் நாள் போன் வந்தது. பாட்டிலில் கடைசிக் குளோரினும் காணோம், எத்திலீன் இருக்கிறது. கருப்பாத்தாளிடம் சொன்னபோது, "உறை ஊத்தோணும்னு சொல்லுங்க. வேற ஊட்டுல வாங்கியாந்து ஊத்தோணும்" என்றார். எங்கள் ஆராய்ச்சிக் கட்டுரையில் அதைப் பதினோரு பக்கத்தில் எழுதினோம்.

சேற்றைக் காற்றுப் படாமல் கொண்டுவருவது எப்படி என்று நானும் தோழியும் நைட்ரஜன் சிலிண்டர், ரப்பர் மூடி என்று பேசிக்கொண்டிருந்தோம். பொங்கியண்ணன் பாலுக்காரர் கழித்துப்போட்ட பழைய பால்கேன் ஆறு வாங்கிவந்தார். "காத்துப் புடிச்சா மோட்டார் தண்ணி தூக்காதுங்க. அதுக்கு நாங்க பண்றதுதான் இது" என்றார். கேனைக் குழித் தண்ணீருக்குள் முழுக்க முக்கி, உள்ளே இருந்த காற்றெல்லாம் குமிழியாகப் போனபின், தண்ணீருக்கு அடியிலேயே சேற்றை வாரி நிரப்பி, தண்ணீருக்கு அடியிலேயே மூடினார். கழுத்துவரை அந்தக் குழியில் இறங்கி நின்றார். கைக்கும் காலுக்கும் என்னுடைய ஆய்வக ரப்பர் உறைகளை மாட்டிக்கொள்ளச் சொல்லி நான் கத்தியது மட்டும்தான் என் பங்கு. கிணற்றில் கேனை அடிவரை இறக்கி, மூடியில் கட்டிய இன்னொரு கயிற்றைச் சுண்டி, சேற்றை அங்கேயே கொட்டினார். ஆறு கேனும் இரண்டு நடை. சேறெல்லாம் அடியில் போய்ச் சேர்ந்தது.

பிறகு காத்திருந்தோம். குழியிலும் மொலாசஸ் ஊற்றினோம். இல்லாவிட்டால் அங்கிருந்து கிணற்றுக்கு மறுபடி கசியும். 2006 கம்பத்துக்கு லாரித் தண்ணீரைத்தான் ஊற்றினார்கள். கிணற்றில் ஒரு சிட்டிகை பவுடர்கூட அவர் போடவில்லை. "பவுடர்க்காரன் கெணத்த நாற வெச்சுட்டுக் காவல் காக்கறான்" என்று டீக்கடையில் சிரித்தார்கள். ஐப்பசி மழையில் பக்கத்து ஊரில் இரண்டு பேருக்கு வாந்திபேதி என்று செய்தி வந்த அன்று நான் போனபோது, கிணற்றுச் சுவரில் சாய்ந்து, இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கை நமைக்குதுங்க டீச்சர்" என்றார். "யாரும் இதுல குடிக்கறதில்லீன்னு எனக்குத் தெரியுதுங்க. கைக்குத் தெரிய மாட்டீங்குது."

பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று அவர் மேல்தொட்டியில் இரண்டு தடவை மஞ்சள் பார்த்தார்.

2007 தையில் சோதனை முடிவு வந்தது. கடைசிக் குளோரின் பொருள் குடிநீருக்கு அனுமதித்த அளவுக்குக் கீழே. மாசியிலும் அப்படியே. குழியையொட்டித் தோண்டிய துளையிலும் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். பஞ்சாயத்துத் தலைவர் தாளை மூன்று முறை படித்துவிட்டு, "மூடறதுக்குப் பொக்லைனுக்குச் சொல்லி வெச்சிருந்தனுங்க" என்று அசடு வழிந்தார். ஆறு நாள் கிணற்றை இறைத்தோம். பாலித்தீனை எடுத்து வெயிலும் காற்றும் பட விட்டோம். கறுப்பு போய், நாற்றம் போய், அடி தெரிந்தது. மிச்சம் ஒரே ஒரு வேலை. இத்தனை நாள் வளர்த்த கிருமியைக் கொன்றால்தான் அது குடிதண்ணீர்.

கம்பம் நடுவதற்கு முந்தின நாள் காலை. நானே ஒரு புதுப் பொட்டலம் பிளீச்சிங் பவுடர் வாங்கிப்போய் அவர் கையில் கொடுத்தேன். பத்து ரூபாய்ப் பொருளைப் பொன்னாடை மாதிரி கொடுக்கிறேனே என்று எனக்கே சிரிப்பு வந்தது. அவர் வாங்கிப் பக்கெட்டில் போட்டுக் குழைத்தார். தண்ணீர் விட்டார். சுண்ணாம்பு படிந்தது. தெளிந்ததை இறுத்துக் கயிறும் கட்டிவிட்டார். இறக்கவில்லை.

"வேலை முடிஞ்சுதுன்னு மருந்து வெச்சுக் கொல்றதுங்களா டீச்சர்?" என்றார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

நான் வேதியியல்காரி. "வேற வழியில்லீங்களே" என்றேன்.

அவர் பக்கெட்டைக் கீழே வைத்தார். ஒரு பால்கேனைக் கயிற்றில் கட்டிக் கிணற்றில் இறக்கி, அடிச்சேற்றை வாரி, தண்ணீருக்குள்ளேயே மூடி மேலே எடுத்தார். தோளில் வைத்துக்கொண்டு மேட்டுக்கு நடந்தார். நானும் போனேன். தகரக் கொட்டகைக்குப் பின்னால் குழிக்குள் கேனை முக்கித் திறந்துவிட்டார். "இங்க இன்னுங் கொஞ்சம் சோறு மிச்சம் இருக்குதுங்க. இருந்து தின்னுட்டுக் கெடக்கட்டும்" என்றார்.

திரும்பி வந்து பக்கெட்டைக் கிணற்றில் இறக்கினார். மேலும் கீழும் ஆட்டினார். ஒரு மணி நேரம் கழித்து இரண்டு சொட்டு மருந்து விட்டார். மஞ்சள்.

மறுநாள் விடிந்ததும் பெண்கள் குடத்தோடு வந்துவிட்டார்கள். கம்பத்துக்கு முதல் குடம் கருப்பாத்தாள் எடுத்தார். பாண்டியம்மாள் தன் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி ஓரமாக நின்றாள். பையனுக்கு மூன்று வயது இருக்கும். வாளியில் தண்ணீரைப் பார்த்ததும் கையை நீட்டினான். அவள் டம்ளரில் மொண்டாள்.

"இரு கண்ணு" என்று பொங்கியண்ணன் டம்ளரை வாங்கிக்கொண்டார். தானே குடித்தார். இன்னொரு டம்ளர் மொண்டு அதையும் குடித்தார். பிறகு கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துகொண்டு, யாரும் வாயில் வைக்கக்கூடாது, கம்பத்துக்கு மட்டும் எடுத்துப் போங்கள் என்றார். சோதனைத் தாளில் எல்லாம் சரியாக இருக்கிறது, பவுடரின் குளோரினும் தண்ணீரில் நிற்கிறது, இனி என்ன என்று நான் கேட்டேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு வழக்கம்போலக் கோபம் வந்தது. உடனே அது அடங்கியும் போயிற்று. காலையில் விளையாடிக்கொண்டிருந்தவள் பொழுது இறங்குவதற்குள் போய்விட்டாள் என்று கருப்பாத்தாள் சொன்னது நினைவுக்கு வந்தது.

மதியம் கருப்பாத்தாள் சோறு கொண்டுவந்தார். அங்கேயே சாப்பிட்டார். டீ வந்தது, குடித்தார். நானும் கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். பாண்டியம்மாள் ஷிப்டுக்குப் போகவில்லை. வெயில் மெல்லச் சாய்ந்து மேட்டுக் கொட்டகையின் தகரத்தில் சிவந்து, அணைந்தது. பொழுது இறங்கியது. பொங்கியண்ணன் எழுந்து, டம்ளரைக் கழுவி, நிறைய மொண்டு பாண்டியம்மாளிடம் நீட்டினார்.

"ஒண்ணும் பண்ணலீங்க" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "இனிப் புள்ளைகளுக்குக் குடுங்க."